காவலறைக்குப் போன படங்கள்

ஆலையின் கணினிகளில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதை இனி யார் கவனிப்பது என்ற கேள்வி திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்தபோது, அதற்குச் சரியான விடை யோகேஸ்வரிக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் அவள் தவறான விடையையே சொன்னாள்.

குருண் என்ற ஊரில் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது அந்த ஆலை. ரப்பர் மரப் பலகையில் நாற்காலிகளும் மேசைகளும் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். மனிதவளப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பாளர். முந்தைய மாதம் யாரோ அலுவலகக் கணினியில் வேண்டாத எதையோ திறந்துவைக்க, வைரஸ் புகுந்து, பலகை அறுக்கும் இயந்திரம் முதல் சம்பளப் பட்டியல்வரை எல்லாம் முடங்கிப்போயின. தலைமையகம் உடனே ஒரு கண்காணிப்பு மென்பொருளை வாங்கி அனுப்பியது. பணிநேரத்தில் எந்தக் கணினியில் எந்தப் பக்கம் திறக்கப்படுகிறது என்பதை அது குறித்துக்கொள்ளும்; சந்தேகத்துக்குரியது என்று அதற்குத் தோன்றினால் திரையைப் படம் பிடித்தும் வைக்கும். அந்தப் படங்கள் காவலறைக்குப் போக வேண்டுமா, மனிதவளப் பிரிவுக்குப் போக வேண்டுமா என்று பொது மேலாளர் கேட்டார். அவர் பட்டர்வொர்த்திலிருந்து நாள்தோறும் காரில் வந்து போகும் சீனர். சுற்றி வளைத்துப் பேசும் வழக்கம் இல்லாதவர்.

கதவையும் சுவரையும் உள்ளே வரும் லாரிகளையும் காப்பது காவலர் வேலை. வேலை நேரத்தில் ஒருவன் வேறு எதையோ பார்த்தால், ஏன் பார்த்தாய் என்று கேட்பதும், அவன் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பதும், பிறகு கண்டிப்பதோ விடுவதோ எதுவானாலும் அதை முடிவு செய்வதும் மனிதவளப் பிரிவின் வேலை. புதிதாகச் சேர்வோருக்கு இந்த வேறுபாட்டை ஆண்டுதோறும் எடுத்துச் சொல்பவள் அவளேதான். ஆயினும் அன்று, “காவல் பிரிவே பார்க்கட்டும். எங்களிடம் ஆள் போதாது” என்றாள். மேலாளர் தலையசைத்துவிட்டு அடுத்த செய்திக்குப் போனார்.

ஆள் போதாது என்பது பொய்யன்று. ஆனால் அது காரணமும் அன்று. முந்தைய ஆண்டு, போர்க்லிப்ட் வண்டி ஓட்டும் ரவிச்சந்திரன் பலகை அடுக்கு ஒன்றைச் சரித்துவிட்டான். பிரேக் பழுதென்று அவன் முன்கூட்டியே சொல்லியிருந்தது விசாரணையில் தெரிய வந்ததால், யோகேஸ்வரி அவனை எச்சரித்து விட்டுவிட்டாள். முறைப்படி அது பிழையற்ற முடிவு. மறுவாரமே, மனிதவளப் பிரிவு தமிழர் சங்கமாகிவிட்டது என்று கேன்டீன் சுவரில் ஒருவன் மலாயில் கிறுக்கி வைத்தான். அதற்கு மேல் பெயிண்ட் பூசி மறைத்தார்கள். அவளுக்குத்தான் அது மறையவில்லை. அவள் தந்தை அருளம்பலம் அலோர் ஸ்டாரில் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வேண்டியவன், வேண்டாதவன் என்று பார்த்தார் என ஒருவரும் அவரை நோக்கி விரல் நீட்டியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக மாதச் சம்பளத்திலும் நற்பெயரிலும் வாழ்ந்த குடும்பம் அது. அந்தப் பெயரில் தன்னால் கறை படிந்துவிட்டதாக அவள் எண்ணினாள்.

அதற்குப் பிறகு ஒரு தமிழர் விடுப்புக் கேட்டால் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தாள். மற்றவர்களுக்கு வாய்ச்சொல்லை நம்பிக் கொடுத்ததை இவர்களுக்குச் சான்று கேட்டுக் கொடுத்தாள். இதற்கு நேர்மை என்றே அவள் மனத்துக்குள் பெயரிட்டிருந்தாள்.

காவல் பிரிவுத் தலைவர் இருளப்பனும் இதே நோய் கண்டவர். பெடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, போலீசில் சேர்ந்து, சார்ஜண்டாக ஓய்வு பெற்றவர்; ஆலையில் எல்லாருக்கும் அவர் ‘சார்ஜன்’. மாலையில் ஆட்கள் வெளியேறும்போது தமிழனின் பையைத்தான் முதலில் திறக்கச் சொல்வார். நம்ம ஆளென்று விட்டால் நாளைக்கு நம் தலையில் கட்டிவிடுவார்கள் என்பது அவர் கட்சி. இப்படிப்பட்ட இருவருக்கு நடுவில்தான் அந்த ஆலையின் தமிழர்கள் வேலை பார்த்தார்கள்.

மென்பொருள் வந்த சில வாரங்களில் இருளப்பன் அவள் அறைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

“மேடம், ஒரு கேஸ் மாட்டியிருக்கு. நம்ம ஆளுதான்.”

“யாரு?”

“ஸ்டோர் ராமையா. தினம் காலைல, டீ டைமுக்கு முன்னாடி, ஸ்டோர் கம்ப்யூட்டர்ல அசிங்கமா பாக்கறாரு. பொம்பள துணியில்லாம இருக்கற மாதிரி. அப்படியே படம் புடிச்சு வெச்சிருக்கு.”

ராமையா ஆணியும் திருகாணியும் பசையும் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர் எழுத்தர். ஓய்வு பெறும் வயதை எட்டிக்கொண்டிருப்பவர், அளந்து பேசுபவர். யோகேஸ்வரிக்கு நம்ப முடியவில்லை. படத்தைக் காட்டுங்கள் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் இருளப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, “நீங்க பாக்க வேணாம் மேடம். பொம்பளைங்க பாக்கற மாதிரி இல்ல. நான் பாத்துட்டேன், அது போதும்” என்றார்.

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அவளும் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டாள். ஆதாரத்தைத் தன் கண்ணால் காணாமல் எந்தக் கடிதத்திலும் கையெழுத்திடக் கூடாது என்பது அவள் தனக்கே விதித்துக்கொண்ட விதி. அன்று அந்த விதியிலிருந்து விலக அவளுக்கு ஒரு கௌரவமான காரணம் கிடைத்தது, அதைப் பற்றிக்கொண்டாள். பார்க்காவிட்டால் இரங்க வேண்டியதில்லை. இரங்காவிட்டால் தமிழர் சங்கம் என்று எவனும் சொல்ல முடியாது. விளக்கம் கோரும் கடிதத்தைத் தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, இருளப்பனிடமே கொடுத்தாள்.

இரண்டு காவலர்கள் ஸ்டோருக்குப் போய் ராமையாவை நடுவில் நிறுத்தி அழைத்து வந்தார்கள். ஸ்டோரிலிருந்து காவலறைக்கு வர இயந்திரக் கூடத்தின் பின்வழி ஒன்று உண்டு. அந்த வழியில் அவர்கள் வரவில்லை. தேநீர் இடைவேளையில் நிறைந்திருந்த கேன்டீனின் நடுவே கூட்டி வந்தார்கள். திருடனைப் பிடித்தால் அப்படித்தான் கூட்டி வருவார்கள்; வேறு விதமாகக் கூட்டி வர அவர்களுக்கு யாரும் கற்றுக் கொடுத்ததில்லை. என்ன விஷயம் என்று பெஞ்சில் இருந்தவர்கள் கேட்க, காவலர்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே கையால் எதையோ காட்டினான். “தாத்தாவுக்கு வயசு திரும்புது லா” என்று ஒரு குரல் எழுந்தது. மெருகு பூசும் பிரிவுப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாடிச் சன்னலில் நின்றிருந்த யோகேஸ்வரி கீழே இறங்கிப் போகவில்லை.

காவலறையில் விசாரணை என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. இருளப்பன் படத்தைத் திரையில் போட்டு, இது என்ன என்று கேட்டாராம். ராமையா திரையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற இரு காவலர்களின் முகங்களையும் பார்த்தார். மீண்டும் திரையைப் பார்த்துவிட்டு, அதை அணைத்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பிறகு, நான்தான் பார்த்தேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். இதை இருளப்பன் யோகேஸ்வரியிடம் திருப்தியோடுதான் சொன்னார். ஆனால் போலீசில் பழுத்த அந்த மனிதருக்கும் ஓர் உறுத்தல் இருந்தது. இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்ட ஆளைத் தாம் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ராமையாவே அவளைத் தேடி வந்தார். சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டுச் சாத்தினார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“மேடம், விசாரணை எல்லாம் வேணாம். நானே வேலைய விட்டுடறேன்.”

யோகேஸ்வரி பேனாவைக் கீழே வைத்தாள். ராமையாவின் மனைவி புஷ்பவள்ளியை அவளுக்குத் தெரியும். இதே ஆலையில் நாற்காலிக்கு மெத்தை தைக்கும் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் புஷ்பவள்ளி. கலகலப்பானவள், காலையில் கேட்டில் நுழையும்போதே அவள் குரல் மாடிவரைக்கும் கேட்கும். பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலற்றுப் படுத்துவிட்டாள். மருத்துவ அடிப்படையில் அவளைப் பணியிலிருந்து விடுவித்த கடிதத்தில் கையெழுத்திட்டதும் யோகேஸ்வரிதான். சுங்கைப் பட்டாணி மருத்துவமனைக்குப் பழங்களோடு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். புஷ்பவள்ளிக்கு வாரந்தோறும் நடக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் பணம் கட்டுவது ராமையாவின் பெயரில் ஆலை கொடுத்திருக்கும் மருத்துவ அட்டை.

“வேலைய விட்டா அக்காவோட ஆஸ்பத்திரி கார்டும் போயிடும் அண்ணே. தெரியும்தானே?”

“தெரியும்.”

“அப்புறம் எப்படிச் சமாளிப்பீங்க?”

“கவர்மெண்ட் ஆஸ்பத்திரி இருக்கு லா.”

விசாரணை என்றால் அவருடைய பக்கத்தையும் கேட்பார்கள் என்று அவள் எடுத்துச் சொன்னாள். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். முதல் குற்றம் என்பதால் வேலை போகாமலும் இருக்கலாம். அவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவள் பேசி முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

“விசாரணைல அந்தப் படத்த எல்லாருக்கும் காட்டுவாங்களா?”

“குழுவுல இருக்கறவங்க பார்ப்பாங்க. ஆதாரத்தைப் பார்க்காம முடிவு சொல்ல முடியாதே.”

“அதான் வேணாங்கறேன்.” அவர் கைகள் முழங்காலைப் பிடித்துக்கொண்டன. “நான் அசிங்கமானவன்னே எழுதிக்குங்க மேடம். கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அந்தப் படத்த மட்டும் அழிச்சுடுங்க. இனி யாரும் பாக்க வேணாம்.”

அவர் போன பிறகு யோகேஸ்வரி விளக்கம் கோரிய கடிதத்தின் நகலை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். தன் பணிக்காலத்தில் அவள் எத்தனையோ குற்றவாளிகளைப் பார்த்திருக்கிறாள். சிலர் மறுப்பார்கள்; சிலர் அழுவார்கள்; பெரும்பாலோர் தம் பெயரை எப்படியாவது காப்பாற்றச் சொல்வார்கள். இந்த மனிதர் பெயரைத் தூக்கிக் கொடுத்துவிட்டார், வேலையைக் கொடுத்துவிட்டார், மனைவியின் சிகிச்சையையும் கொடுத்துவிட்டார். கேட்டதெல்லாம் படத்தைத்தான். அந்தப் படத்தை அவள் பார்க்கவே இல்லை. ஒரு மனிதரின் பிழைப்பை முடிக்கும் கடிதத்தில், பார்க்காத ஒன்றை நம்பிக் கையெழுத்திட்டிருக்கிறாள்.

காவலறைக்குத் தொலைபேசியில் பேசி, படங்கள் உள்ள மடிக்கணினியைக் கொண்டு வரச் சொன்னாள். இருளப்பன் கொண்டு வந்தார். வேண்டாமென்று சொன்னேனே என்று தயங்கினார். அவள் அதை வாங்கிக்கொண்டு, அவரை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைத் தாழிட்டாள்.

திரையில் ஓர் அறை தெரிந்தது. மேலே ஒரு மூலையிலிருந்து எடுத்த படம். மருத்துவமனையில் இருப்பது போன்ற இரும்புக் கட்டில். பக்கத்தில் இருக்கையில் துளையிட்ட சக்கர நாற்காலி, பிளாஸ்டிக் தொட்டி, பெரியவர்களுக்கான டயப்பர் கட்டு. முதிய பெண்ணொருத்தி முதுகு காட்டிக் குனிந்து நின்று, ஈரத்துணியால் கட்டிலில் இருந்தவளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் இருந்தவளின் உடலில் துணியில்லை. இடது கை மார்போடு மடங்கி இறுகியிருந்தது. முகம் கேமரா இருந்த பக்கமாகத் திரும்பியிருந்தது.

அது புஷ்பவள்ளி.

யோகேஸ்வரி மடிக்கணினியை மூடினாள். ஒரு படத்துக்கு மேல் பார்க்க அவளுக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அந்த ஒன்றுக்கே இருந்ததா என்பதும் தெரியவில்லை. மீதியை அவளே கூட்டிப் பார்த்துக்கொண்டாள். மகள் நளினி சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். காலையில் வந்து உடம்பு துடைத்துவிட்டுப் போவது பக்கத்து வீட்டுப் பாப்பம்மா. பாப்பம்மாவுக்கே வயதாகிவிட்டது. புரட்டும்போது ஒருமுறை பிடி தவறி, புஷ்பவள்ளி கட்டிலிலிருந்து கீழே விழுந்து, இடுப்பில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனது ஆலைக்கே தெரியும். அன்று ராமையாவுக்கு அவசர விடுப்பு எழுதியவள் யோகேஸ்வரிதான். அதற்குப் பிறகு நளினி வந்து வீட்டில் கேமரா வைத்துக் கொடுத்திருக்க வேண்டும். போனில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருப்பாள். ஆனால் இழைப்பு இயந்திரத்தில் ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டு விரலைக் கொடுத்ததிலிருந்து, எல்லாருடைய போனையும் காலையிலேயே காவலறைப் பெட்டியில் பூட்டி வைக்கிறார்கள். அதனால் துடைத்து முடித்து அவளைப் பத்திரமாகப் படுக்க வைக்கும்வரை, அவர் ஸ்டோர் கணினியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஏன் பார்த்தீர்கள் என்று யாராவது ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்க வேண்டியவள் அவளேதான். திரையைப் போட்டுக் காட்டி, இரண்டு காவலர்களை நிறுத்திவைத்துக்கொண்டு கேட்டபோது, அது என் மனைவி என்று எந்தக் கணவன் சொல்வான்?

கதவைத் திறந்து இருளப்பனை உள்ளே அழைத்தாள்.

“இந்தப் படங்களை யார் யார் பார்த்தாங்க சார்ஜன்?”

“நான் பாத்தேன். டூட்டில இருந்த ரெண்டு கார்டும் பாத்தானுங்க. திரை அவனுங்க மேசைலதான் இருக்கு, தடுக்க முடியல.”

“போன்ல எடுத்தாங்களா?”

“இல்ல மேடம். அவனுங்க போனும் பெட்டிலதான். அத நான் உறுதியா சொல்றேன்.”

“அந்த அம்மா முகத்தை யாராவது பார்த்தீங்களா?”

இருளப்பன் முகத்தில் முதலில் ஒன்றும் ஓடவில்லை. “முகத்த எதுக்கு மேடம்…” என்று தொடங்கி நிறுத்தினார். யாருடைய முகம் என்று கேட்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தபடி நின்றார். யார் என்பது அவள் சொல்லக்கூடிய செய்தியன்று. அவள் வாயிலிருந்து வந்தால், காவலறையில் நடந்த அதே காரியத்தை இன்னொரு முறை செய்வதாகும். ஆனால் போலீசில் இருந்தவருக்குச் சொல்லாமலும் எட்டும். கட்டிலும் சக்கர நாற்காலியும் குனிந்து நின்ற கிழவியும் இப்போதுதான் அவர் கண்ணுக்கு வரிசையாக வந்திருக்க வேண்டும். அவர், முன்பு உட்கார மறுத்த அதே நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“கேட்ல வரும்போதெல்லாம், ‘அண்ணே, பசியாறிட்டீங்களா’ன்னு கேக்கும்” என்றார். பெயர் சொல்லவில்லை. பிறகு, “நம்ம ஆளுன்னு விட்டுட்டான்னு ஒருத்தனும் சொல்லக் கூடாதுன்னுதான் மேடம் வேகமா செஞ்சேன்” என்றார்.

“நானும்தான்” என்றாள் யோகேஸ்வரி.

தன் எதிரிலேயே படங்கள் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னாள். தலைமையகத்துக்குப் போயிருந்த பிரதியையும் தொலைபேசியில் பேசி அழிக்க வைத்தாள். இருளப்பன் விசையை அழுத்தும்போது கண்களை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

இனி எஞ்சியிருந்தது கடினமான பகுதி. ராமையாவின் பெயரில் படிந்த அழுக்கைத் துடைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்தப் படம் எது என்பதைச் சொல்வது. சொன்னால் அவர் குற்றமற்றவர் என்பது ஒரு மணி நேரத்தில் ஆலை முழுவதும் பரவிவிடும். கூடவே, புஷ்பவள்ளியைத் துணியில்லாமல் காவலறையில் பார்த்துச் சிரித்தார்கள் என்பதும் பரவிவிடும். இரண்டாவதைத் தடுப்பதற்காகத்தான் அவர் முதலாவதைச் சுமந்துகொண்டார். அவர் இறக்கி வைக்க விரும்பாததை அவளாக இறக்கி வைக்க முடியாது.

பொது மேலாளரிடம் போய், இந்த வழக்கை நடத்த முடியாது என்றாள். ஆதாரத்தைக் கையாண்ட முறை தவறு, பார்க்கக் கூடாதவர்கள் பார்த்தார்கள், தான் பார்க்காமலே கையெழுத்திட்டது அதைவிடத் தவறு, ஆதாரத்தை அழித்துவிட்டதாகவும் சொன்னாள். மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். அழிக்க உனக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்டார். யாரும் கொடுக்கவில்லை என்றாள். அப்படி அந்தப் படத்தில் என்னதான் இருந்தது என்று கேட்டார். குற்றம் எதுவும் இல்லை, அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன் என்றாள். அவர் சற்றுநேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, எல்லாருக்கும் மனத்தில் இருக்கும் கேள்வியை வெளிப்படையாகவே கேட்டார்: அந்த ஆள் உனக்கு உறவா?

ஓராண்டாக அவள் அஞ்சி அஞ்சி ஓடியது இந்தக் கேள்வியிலிருந்துதான். அது வந்துவிட்டது. வந்த பின்பு பார்த்தால், அதற்கு விடை சொல்லிவிட்டு நிற்கலாம் போலத்தான் இருந்தது.

“இல்லை” என்றாள். “ஆனால் உறவென்று பேசுவார்கள். பேசட்டும்.”

அவள் பணிக்கோப்பில் ஒரு கண்டனக் குறிப்பு ஏறியது. அதை அவள் எதிர்க்கவில்லை. மேலாளர் நியாயம் தெரியாதவர் அல்லர். கண்காணிப்புத் திரையைக் காவலறையிலிருந்து எடுத்து மனிதவளப் பிரிவுக்கு மாற்றச் சம்மதித்தார். படம் பிடிக்கும் வசதியை நிறுத்திவிட்டு, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்பதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும் என்றும், அதற்கு மேல் தெரிய வேண்டியதை ஆளைத் தனியாக அழைத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் அவள் எழுதிய விதியில் கையெழுத்திட்டார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டிய விடை அதுதான். சொல்லியிருந்தால் ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும்.

கேன்டீனில் பேச்சு எதிர்பார்த்தபடியே கிளம்பியது. கையும் களவுமாகப் பிடித்த கேஸை மேடம் மூடிவிட்டாராம். வேறென்ன, சொந்தச் சாதி ஜனமாயிற்றே என்று மலாயிலும் சீனத்திலும் பேசிக்கொண்டார்கள். தமிழர்கள் பேசியது அதைவிடக் கூர்மையாக இருந்தது. “உடம்பு சரியில்லன்னு நாங்க ஒருநாள் எம்.சி. போட்டா ஆயிரம் கேள்வி. கெழவன் கெட்ட படம் பாத்தா மட்டும் மன்னிப்பா?” என்று மெருகுப் பிரிவைச் சேர்ந்த காஞ்சனா யோகேஸ்வரியின் காதில் படும்படியே சொன்னாள். அந்தக் கேள்வியின் முதல் பாதி நியாயமானது என்பதால் யோகேஸ்வரி கோபிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பெண்கள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ராமையா இருந்த மேசையில் அவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அவர் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

வேலை நிலைத்தது என்ற கடிதத்தை வாங்கிக்கொள்ள அவர் மாடிக்கு வந்தார். அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். போவதற்கு எழுந்தவர் எழுந்தபடியே நின்றார்.

“மேடம், யார் யார் பாத்தாங்க?”

யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம். அவர் நம்புவதுபோல் நடிப்பார். இருவருக்கும் சற்று லேசாக இருக்கும். ஆனால் அவர் கேட்டது ஒரு கணவருக்குரிய கேள்வி. அதற்குப் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“சார்ஜன் பார்த்தார். டூட்டில இருந்த ரெண்டு கார்டு பார்த்தாங்க. அப்புறம் நான் பார்த்தேன்.” பிறகு சொன்னாள்: “யாருன்னு சார்ஜனுக்கு நான் சொல்லல. அவருக்கா புரிஞ்சிருக்கு. கார்டு ரெண்டு பேருக்கும் தெரியாது.”

ராமையா தலையை ஆட்டினார். சன்னலுக்கு வெளியே ஜெராய் மலையின் பாதிவரை மேகம் இறங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காலையில் அந்த நேரத்துக்கு மட்டும் போனை வைத்துக்கொள்ள எழுத்து மூலம் அனுமதி தருகிறேன், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று அவள் சொன்னாள். அவர் வேண்டாமென்று கையசைத்தார்.

“கேமராவக் கழட்டிட்டேன் மேடம். நேத்துதான். அதத் தொறந்தா இப்போ அவ தெரியல. அவங்க பாத்ததுதான் தெரியுது.”

“அப்போ அக்காவை யார் பார்ப்பாங்க? பாப்பம்மா கையில மறுபடி…”

அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. இருவருக்கும் அதன் முடிவு தெரிந்திருந்தது.

யோகேஸ்வரி அவரை மீண்டும் உட்காரச் சொன்னாள். பாப்பம்மா எத்தனை மணிக்கு வருகிறாள், துடைத்து உடுத்திப் படுக்க வைக்க எவ்வளவு நேரம் ஆகும், ஸ்டோரில் காலையில் சாமான் கேட்டு வருகிறவர்கள் எப்போது அதிகம், அவர் இல்லாத வேளையில் யார் எடுத்துக் கொடுக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னார். பிறகு சரளமாகவே சொன்னார். பாப்பம்மாவால் தனியாகத் தூக்க முடியாது, தான் தோளைப் பிடித்துக்கொண்டால் போதும், தான் இருந்தால் புஷ்பவள்ளி பயப்படாமல் இருப்பாள் என்றார். யோகேஸ்வரி கேட்டுக்கொண்டே பணிநேர மாற்றத்துக்கான உத்தரவை எழுதினாள். அவர் தம் மனைவியை உடுத்திப் படுக்க வைத்துவிட்டு முற்பகலில் வேலைக்கு வரலாம். மாலையில் அதற்கு ஈடாக நேரம் கழித்துப் போகலாம். காரணம் என்ற இடத்தில் ‘குடும்பப் பராமரிப்பு’ என்று எழுதினாள். அதற்கு மேல் விளக்கம் எழுதவில்லை, சான்றும் கேட்கவில்லை. உறவுக்காரன் இஷ்டம்போல் வருகிறான் என்று நாளைக்கு இன்னொரு பேச்சு எழும் என்பது தெரிந்தே கையெழுத்திட்டாள்.

அவர் அந்தத் தாளை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு நாள் முற்பகலில், யோகேஸ்வரி சன்னலருகே நின்று ஒரு கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ராமையா வந்து கேட்டின் முன் நிறுத்தினார். காவலர்களை அனுப்பாமல் இருளப்பனே எழுந்து வந்து கேட்டைத் தள்ளித் திறந்தார். திறந்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஒதுங்கி நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்ததுபோல் இருந்தது. ராமையா அவர் பக்கம் திரும்பவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வண்டியை மெதுவாக உள்ளே ஓட்டிக்கொண்டு போய், ஸ்டோரின் நிழலில் நிறுத்தினார்.

இருளப்பன் அப்படியே நின்றார். பின்னால் வந்து நின்ற லாரி ஒன்று இரண்டு முறை ஹாரன் அடித்த பிறகுதான் தொப்பியை வைத்துக்கொண்டு அதன் பக்கம் திரும்பினார்.